படங்களின் ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கட்டும்

2004 சுனாமியில் எமது கரையோர ஊர்களில் எத்தனையோ வீட்டு அல்பங்கள் கடலோடு போயின. மௌத்தான உம்மா, வாப்பாவின் முகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு படம்கூட மிஞ்சாத குடும்பங்கள் எம் மத்தியில் இன்றும் உள்ளன.

இன்று அல்பம் போனுக்குள் இருக்கிறது. கூகுள் போட்டோஸ் 2021 ஜூனில் அளவில்லா இலவச சேமிப்பை நிறுத்தியது. 15 ஜிபி நிறைந்தால் காசு. அதனால் எம்மில் சிலர் வீட்டு ரவுட்டரோடு இணைக்கும் 'நாஸ்' பெட்டி வாங்குகிறோம். நல்ல விடயம். வீட்டார் எல்லோருடைய போன் படங்களும் கணினிக் கோப்புகளும் வைஃபை வழியே தானாக அதில் சேரும்.

ஆனால் "உள்ளே ரெண்டு டிஸ்க் இருக்கு, பயமில்லை" என்று இருந்துவிடுகிறோம். பிழை அங்குதான். ஒரு டிஸ்க் பழுதானால் மற்றது கைகொடுக்கும், அவ்வளவுதான். பிள்ளை தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டிலும் அழியும். வைரஸ் கோப்புகளைப் பூட்டினாலும் அப்படியே. வெள்ளமோ இடிமின்னலோ வந்தால் பெட்டியே போய்விடும்.

ஆகவே ஒரு பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் பிரதியெடுத்து, பெருநாளைக்கு வரும் தங்கச்சியிடம் கொடுத்தனுப்புவோம். அவர்கள் வீட்டுப் பிரதியை நாம் வைத்துக்கொள்வோம். அடுத்த பெருநாளில் புதுப்பிப்போம். கொடுக்கும் முன் நாலு படத்தைத் திறந்தும் பார்ப்போம். திறந்து பார்க்காத பிரதியை நம்பவேண்டாம்.

ஒரு தடவை இழந்தவர்கள் நாம். இன்னொரு தடவை வேண்டாம்.