தேத்தண்ணியும் இரும்புச்சத்து மாத்திரையும்



மடுல்சீமைப் பக்கத் தோட்டங்களில் மாசமாயிருக்கும் பெண்கள் பலருக்கு இரத்தம் போதாது. கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். நாமோ அதைச் சாப்பாட்டோடு தேத்தண்ணியும் சேர்த்து விழுங்குகிறோம். நாமே பறித்த கொழுந்தின் சாயம், அந்தச் சத்து உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடுகிறது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது தேத்தண்ணியைத் தள்ளிவைத்து, மாத்திரையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு விழுங்குவது நல்லது. கிளினிக்கில் தரும் திரிபோஷா சத்துமாவும் வீடு முழுக்கப் பங்கு போடுவதற்கல்ல, தாய்க்கே உரியது.

கடும் தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், உதிரப்போக்கு, பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் 'விடியட்டும்' என்று காத்திருக்கக் கூடாது. 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்தான். ஆனால் லயத்துக்கு வண்டி ஏறப் பாதை வேண்டுமே! தோட்ட நிர்வாகங்களும் பிரதேச சபைகளும் மழைக்கு முன்னரே அதைச் செப்பனிட வேண்டும்.

2018ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, வேலை செய்யும் தாய்மாருக்கு எத்தனையாவது பிள்ளையானாலும் 12 வாரப் பிரசவ விடுமுறை உண்டு. இதைத் தொழிற்சங்கத் தலைவர்கள் மலையில் நின்று சொன்னால் என்ன?

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
பசறை.