பழைய காரை விற்க அவசரம் ஏன்?



2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அன்று தொட்டு நம் பஜாரில் புதுக் கார் பேச்சுதான். பத்து வருடம் நன்றாக ஓடிய வண்டியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுத் தவணையில் புது வண்டி எடுக்கிறார்கள். 28 சதவீதம் வரி இருந்த உதிரிப் பாகங்களுக்கும் அதே நாளில் 18 ஆனதை யாரும் பேசக் காணோம். பழைய வண்டியைச் செப்பனிடும் செலவும் குறைந்திருக்கிறது என்பதல்லவா அதன் பொருள்?

நாம் புதுக் காருக்கு எதிரி அல்ல. அந்தப் பணம் கடை முதலிலிருந்து போகிறதே என்பதுதான் நம் கவலை. பத்து லட்ச ரூபாய் காருக்கு வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானம் எழுதினால், ஐந்து ஆண்டு முடிவில் ஏட்டில் நிற்பது சுமார் 4 லட்சத்து 44 ஆயிரம். காருக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை மளிகைக் கடைக்காரர் உள்ளீட்டு வரியாகக் கழிக்கவும் முடியாது. அதே பணம் வத்தலாக, மல்லியாக, பருப்பாகக் கிடங்கில் இருந்தால் வருடத்தில் எத்தனை முறை புரளும் என்பது உங்களுக்குத் தெரியும்.

கார் எத்தனை காலம் உழைக்கும்? அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்ற பள்ளி ஆசிரியர் 1966ல் வாங்கிய வோல்வோ காரை, 2013ல் 30 லட்சம் மைல் தாண்டி ஓட்டினார். நம் கணக்கில் 48 லட்சம் கிலோமீட்டர். கம்பெனி புத்தகம் சொன்ன காலத்தில் ஆயில் மாற்றினார், சர்வீஸ் செய்தார். அவ்வளவு தூரம் நமக்கு வேண்டாம். 2014 மே மாதம் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடரை இன்றும் பேணி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்களே!

அமெரிக்கச் சாலை வேறு, நம் கரிசல் வேறு என்பீர்கள். சரிதான். நம் வண்டிக்கு முதல் எதிரி போர் தண்ணீர். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் கடைக் குடத்திலிருந்து ஊற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. டீக்கடை பாய்லரில் வெள்ளையாய்ப் படியும் அதே உப்பு ரேடியேட்டர் குழாயிலும் படிந்து அடைக்கும். வண்டி சூடேறும், ஹெட் கேஸ்கட் போகும். ஒரு கேன் கூலன்ட் விலை எங்கே, ஹெட்டை இறக்கிக் கட்டும் செலவு எங்கே?

அடுத்தது தூசி. ஆடிக் காற்றில் எட்டயபுரம், விளாத்திகுளம் போய் வந்த வண்டியின் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். தூசி மிகுந்த இடங்களில் சீக்கிரம் மாற்றவும் என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். அது நமக்காகவே எழுதியது. ஐப்பசி, கார்த்திகையில் கரிசல் சகதி மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு ஈரத்தை விடாது, தகடு துருவேறும். மழை விட்டதும் அடிப்பக்கத்தைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். டிக்கியில் உப்பு மூட்டையும் எண்ணெய் டின்னும் ஏற்றுவது நம்மவர்களுக்கே உரிய கெட்ட பழக்கம். சிந்திய உப்பு தகட்டை அரிக்கும், பாரம் ஸ்பிரிங்கை அமுக்கும். அதற்குத்தான் குட்டியானை இருக்கிறதே!

"நம் கார் வீட்டுக்கும் கடைக்கும்தானே ஓடுகிறது, ஆயில் எதற்கு மாற்ற?" என்பவர்களும் உண்டு. சிறு தூரமே ஓடும் வண்டிக்குத்தான் ஆயில் சீக்கிரம் கெடும். கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருடம் ஒருமுறை மாற்றுங்கள். டயரும் அப்படியே, பட்டன் தேயாவிட்டாலும் ரப்பர் வெடிக்கும். டயர் பக்கவாட்டில் உள்ள நான்கு எண்களில் முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு வருடம். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. பழைய வண்டிகளில் 20,000, 30,000 கிலோமீட்டர் ஓடியபின் சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று மத்திய அரசே 2025ல் சொன்னது. சர்வீசுக்கு விடும்போது பெட்ரோல் ஹோஸைப் பார்க்கச் சொல்லுங்கள்.

15 வருடம் ஆனால் காரை ஓட்டவே கூடாது என்று ஒரு வதந்தி உலவுகிறது. டெல்லி வட்டாரத்துக் கட்டுப்பாட்டை நம் ஊர்ச் சட்டமாக நினைத்துக் கொண்டார்கள். இங்கே 15 வருடம் முடிந்ததும் வண்டியைக் காட்டி, தகுதியானால் ஐந்தைந்து வருடமாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். கட்டணம்தான் கூடிவிட்டது. காருக்கு 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆயிற்று. 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆயிற்று. பசுமை வரி தனி. ஒழுங்காக வைத்திருப்பவனுக்கு இது தண்டனை போலத்தான் இருக்கிறது. வண்டியின் வயதைப் பார்க்காமல் அதன் புகையையும் பிரேக்கையும் பார்த்துக் கட்டணம் வைத்தால் நியாயம். ஆனாலும் ஐந்து வருடத்துக்குப் பத்தாயிரம், புதுக் காரின் ஒரு மாதத் தவணை அளவுதான்.

பிரேக், ஸ்டியரிங் சரிசெய்ய முடியாத நிலைக்குப் போனாலோ, அடித்தகடு துருவேறி இற்றாலோ, அங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது; குடும்பம் ஏறும் வண்டி. அப்போதும் பழைய இரும்புக் கடையில் தள்ளிவிட்டு வந்தால் ஆர்.சி. நம் பெயரிலேயே நிற்கும். பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் ஒப்படைத்து, சான்றிதழ் வாங்கி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவை ரத்து செய்ததற்கான தாளையும் கையில் வைத்துக் கொள்ளுங்கள்.