தன் உடலும் மகன் உடலும்

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கே, குவீன்ஸ்லாந்து மாநிலத்துக் கெய்ர்ன்ஸ் நகரையொட்டிய வெதுவெதுப்பான கடலில் நீராடியவர் சிலரை விநோத நோயொன்று வாட்டி வந்தது. முதலில் தோலில் சுரீரென்று சிறு கொட்டு. அடையாளமும் தெளிவாய்த் தோன்றாது. ஏறக்குறைய அரைமணி நேரம் சென்றபின் இடுப்பிலும் வயிற்றிலும் தாங்கொணா வலி, வாந்தி, வியர்வை, 'இதோ சாகப் போகிறேன்' என்னும் பேரச்சம்! 1952-ல் டாக்டர் ஹியூகோ பிளெக்கர் இதற்கு 'இருகாஞ்சி' எனப் பெயரிட்டார். அது அக்கடற்கரையில் வாழ்ந்த பழங்குடியினரின் பெயர். நோய்க்குப் பெயர் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை.

அந்நகர மருத்துவர் ஜாக் பார்ன்ஸ் காரணத்தைத் தேடிக் கடலில் இறங்கினார். 1961-ல் அவரிடம் அகப்பட்டது ஓர் இழுதுமீன். நம் மீனவர் 'சொறி' என்பார்களே, அந்த வகை. உடல் ஒரு சென்டிமீட்டர் அளவே, நீரைப்போல் நிறமற்றது, நூல் போன்ற நான்கு உணர்கொம்புகள். இத்துணைச் சிறிய உயிரா அத்துணை வேதனைக்கும் காரணம்? ஐயம் தீர, அதனைத் தம் உடலில் கொட்டவிட்டார். அதோடு நில்லாமல், தம் 9 வயது மகனையும், கடற்கரை உயிர்காப்பு இளைஞர் ஒருவரையும் கொட்டச் செய்தார். சற்று நேரத்தில் மூவரும் வலியால் துடித்து மருத்துவமனை சேர்ந்தனர். நல்லவேளையாக மூவரும் பிழைத்தனர். 1967-ல் அவ்வுயிருக்குக் 'கருக்கியா பார்னெசி' என அவர் பெயரே சூட்டப்பட்டது.

பயன் விளைந்தது உண்மையே. இன்று அக்கரைகளில் உடல் முழுதும் மூடும் நீச்சலுடை அணியச் சொல்கின்றனர். கொட்டினால் வினிகர் ஊற்றி, உடனே மருத்துவ உதவி நாடச் சொல்கின்றனர். 2002-ல் குவீன்ஸ்லாந்தில் இருவர் இறந்தமைக்கும் இந்நோயே காரணமெனக் கருதப்படுவதால், எச்சரிக்கையின் அருமை விளங்கும்.

ஆயினும் பெற்றோரே, சற்றுச் சிந்தியுங்கள். பிறர் துயர் தீர்க்கத் தன்னையே துன்பத்துக்கு உட்படுத்திய மருத்துவரைப் போற்றுகிறோம். மகனையும் உட்படுத்தியதைப் போற்ற இயலுமா? சிறுவனே முன்வந்தான் எனினும், விளைவை எடைபோடும் வயதா அது? ஆராய்ச்சிக்கு உட்படுவோர் விவரமறிந்து இசைவு தர வேண்டுமென்பது இன்று உலகம் ஏற்ற நெறி. மகன் பிழைத்தமையால் அச்செயல் நேரியதாகிவிடாது.

தியாகம் செய்ய விரும்புவோர் தமக்குரியதைக் கொடுக்கலாம். பிள்ளையின் உடல் பெற்றோரிடம் காக்கக் கொடுக்கப்பட்டது. எடுத்துக் கொடுக்கக் கொடுக்கப்பட்டதன்று.