கொரியாத் தோடும் கையுறைக் காசும்



சென்ற வாரம் ஈப்போவில் மளிகைச் சாமான் வாங்கப் போன இடத்தில் பழைய தோட்டத்துச் சிநேகிதர் ஒருவரைச் சந்தித்தேன். சுங்கை சிப்புட் பக்கம் ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த லயம் இன்று இல்லை. நிரை நிரையாகப் பால் மரம் நின்ற இடத்தில் இப்போது செம்பனையும் தாமான் வீடுகளும் நிற்கின்றன.

"என்னப்பா, சௌக்கியமா?" என்று கேட்டேன்.

"சௌக்கியந்தான். டிவியைப் போட்டாத்தான் பயமா இருக்கு. உக்ரேன்ல சண்டை, காஸாவுல சண்டை, அமெரிக்காக்காரன் வரி போடுறான்னு ஒரு பக்கம். அது யார் வீட்டுச் சங்கதியோன்னு இருந்தேன். இப்ப கையுறை ஃபேக்டரிக்குப் போற எம்மவ வந்து, ஓவர்டைம் நின்னு போச்சுப்பா, ஆள் குறைக்கப் போறாங்களாம், ஏதோ காயிதத்துல கையெழுத்துப் போடச் சொல்றாங்கன்னு நிக்கிறா. நீதான் பேப்பர்ல எழுதுறவனாச்சே, என்னதான்யா நடக்குது?" என்றார்.

சடக்கோரத்திலேயே நின்று ஒரு மணி நேரம் பேசினோம். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். இந்தக் கவலை அவர் வீட்டுக்கு மட்டும் உரியதல்ல.

உலகத்துச் சங்கதி நம் வீட்டுக்குள் வருவது புதிதா? நம்மை வாழ வைத்த ரப்பர் மரமே பிரேசில் நாட்டு மரம். லண்டன் வழியாக வந்து, 1877-ல் நம் பேராக்கில் கோலகங்சாரில் நடப்பட்டது. அதில் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. மரம் அப்படி வந்தது. அதற்குப் பால் வெட்ட நம் பாட்டன்மார் கப்பலில் வந்தார்கள். வெளியூர்க்காரன் விலை வைத்தான், நாம் உழைத்தோம்.

1929-ல் அமெரிக்காவில் பங்குச் சந்தை விழுந்தது. 1932-ல் இங்கே ரப்பர் ராத்தல் பத்துக் காசுக்கும் கீழே போயிற்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நம் மக்கள் வேலை இழந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அவர்களில் எத்தனை பேருக்குப் பங்குச் சந்தை என்றால் என்னவென்று தெரிந்திருக்கும்?

பிறகு ஜப்பான்காரன் காலம். மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிரைப் பிடித்துக் கொண்டிருந்தோம். சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போன பல்லாயிரம் பேரில் என் தாத்தாவும் ஒருவர். அவர் திரும்பவில்லை. அது அடங்கி மூச்சு விடுவதற்குள் 1948 ஜூனில் எங்கள் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டார்கள், அவசரகாலம் வந்தது. லயத்தைச் சுற்றி முள்கம்பி, ஊரடங்கு, அரிசிக்குக் கட்டுப்பாடு. 1960 வரைக்கும் அது நீடித்தது.

இந்தக் கஷ்ட காலத்தின் நடுவில்தான் ஒரு நல்ல காலமும் வந்தது. 1950 ஜூனில் கொரியாவில் சண்டை மூண்டது. அமெரிக்கா ரப்பரை வாங்கி வாங்கிக் குவித்தது. 1951-ன் தொடக்கத்தில் ராத்தல் இரண்டு வெள்ளிக்கும் மேலே போயிற்று. அப்போது சம்பளத்தை ரப்பர் விலையோடு கட்டி வைத்திருந்தார்கள். ஆகவே பால் வெட்டுகிறவர் கையிலும் நாலு காசு புரண்டது. விதவையாகி, மூன்று பிள்ளைகளோடு பால் வெட்டிக் கொண்டிருந்த என் பாட்டி அந்த வருஷம் ஈப்போவுக்கு வந்து ஒரு சோடி தோடு வாங்கினார். எங்கள் வீட்டில் அதற்குப் பேரே 'கொரியாத் தோடு'.

இரண்டு வருஷம்தான். 1953-ல் சண்டை நின்றது. ராத்தல் விலை எழுபது காசுக்கும் கீழே இறங்கிற்று. தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. வட்டி கட்ட முடியாமல் மூழ்கியும் போயிற்று. நான் சிறுவனாக இருக்கும்போது பாட்டி தம் காதைத் தொட்டுக் காட்டிச் சொல்வார்: "யாரு வீட்டு எழவுலயோ வந்த காசுடா அது. எப்படித் தங்கும்?"

இப்போது சிநேகிதரின் மகள் கதைக்கு வருவோம். 2020-ல் கோவிட் வந்தது. மார்ச் 18-ஆம் தேதி நாட்டையே மூடினார்கள். ஆனால் கையுறைத் தொழிற்சாலைகள் இரவும் பகலும் ஓடின. உலகத்துக்குத் தேவையான ரப்பர் கையுறையில் பாதிக்கு மேல் அப்போது மலேசியாவிலிருந்துதான் போயிற்று. தைப்பிங், ஈப்போ வட்டாரத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு அதில்தான் பிழைப்பு. இந்தப் பெண்ணும் ஓவர்டைம் செய்து தவணைக்குக் கார் எடுத்தாள். தப்பில்லை. பாட்டிக்குத் தோடு, பேத்தி காலத்துக்குக் கார்.

2022-க்குள் கையுறை விலை சரிந்தது. எல்லா நாடும் வாங்கிக் குவித்து வைத்துவிட்டது. சீனாவிலும் புதிய தொழிற்சாலைகள் வந்துவிட்டன. அப்புறம் 2025 ஏப்ரலில் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குகளுக்கு 24 விழுக்காடு வரி என்று அறிவித்தது. ஆகஸ்டில் அதை 19 ஆக்கியது. சீனாக் கையுறைக்கு இன்னும் கடுமையான வரி. அதனால் நமக்கு லாபமா நஷ்டமா என்று முதலாளிமாரே கணக்குப் போட்டுக் கொண்டிருந்தார்கள். இன்னொன்றும் தெரிந்து கொள்ளுங்கள். இப்போது பெரும்பாலான கையுறை பால் மரத்து ரப்பரில் செய்வதல்ல. எண்ணெயிலிருந்து எடுக்கும் செயற்கை ரப்பரில் செய்வது. ஆகவே அரபு நாட்டில் சண்டை வந்து எண்ணெய் விலை ஏறினாலும் அது இந்தப் பெண்ணின் சம்பளச் சீட்டுவரை வந்து சேரும்.

செம்பனைக் காட்டில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான். 2022-ல் உக்ரேன் சண்டையில் சூரியகாந்தி எண்ணெய் வரத்துக் குறைந்தது. ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியாவும் பாமாயில் ஏற்றுமதியை மூன்று வாரத்துக்கு மேல் நிறுத்திற்று. டன் 7,000 வெள்ளியைத் தாண்டிற்று. குலை வெட்ட ஆளில்லாமல் பழம் மரத்திலேயே அழுகிற்று. நல்ல விலையென்று தோட்டம் சந்தோஷப்பட்டது. ஆனால் குலை வெட்டின கையே கடையில் எண்ணெய்ப் போத்தலை எடுத்து, விலையைப் பார்த்து, திரும்ப வைத்துவிட்டு, இரண்டரை வெள்ளிப் பாக்கெட் எண்ணெய் இருக்கா என்று தேடியது. உரத்தின் விலையும் ஏறிற்று. சம்பளம்?

பாட்டி சொன்னதில் பாதிதான் சரி என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. சண்டையினால் விலை ஏறியது வாஸ்தவம். நமக்கு நல்ல காலம் வந்தபோது வேறெங்கோ தாய்மார்கள் அழுதார்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் விடியற்காலை இருட்டில், கொசுக்கடியில் வெட்டின பாலுக்குத்தான் பாட்டி காசு வாங்கினார். அது பாவப்பட்ட காசல்ல. அது போனதற்குக் காரணம் வேறே. விலை இறங்கினால் அந்தப் பாரம் முதலில் கூலிக்காரன் தலையில் இறங்கும். அதைத் தடுக்க அன்று நம் கையில் பலமில்லை.

அந்தப் பலத்தை நம் பெரியவர்கள் பிறகு தேடிக் கொண்டார்கள். 1954-ல் தனித்தனியாக இருந்த சங்கங்கள் ஒன்றாகி, தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுப் போனபோது, 1960-ல் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். தொழிலாளிகள் சிறு சிறு தொகை போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். உலகச் சந்தையை நாம் பிடித்து நிறுத்த முடியாது. அது இறங்கும்போது வீடு விழாமல் முட்டுக் கொடுக்க முடியும்.

சரி, அந்தப் பெண் கையெழுத்துப் போடலாமா? சிநேகிதரிடம் நான் அழுத்திச் சொன்னது இதுதான்: அந்தக் காகிதத்தில் 'என் சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்' என்று இருந்தால் தொடவே கூடாது. என்ன எழுதியிருக்கிறது என்று புரியாவிட்டால் வீட்டுக்குக் கொண்டு வந்து, தெரிந்தவரிடம் காட்டிய பிறகுதான் பேனாவை எடுக்க வேண்டும்.

ஏன் என்று கேட்பீர்கள். ஆள் குறைப்பு என்றால், ஒரு வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்குச் சட்டப்படி நட்டஈடு உண்டு. இரண்டு வருஷத்துக்குக் குறைந்தால் வருஷத்துக்குப் பத்து நாள் சம்பளம்; இரண்டிலிருந்து ஐந்துக்குள் பதினைந்து நாள்; ஐந்தும் அதற்கு மேலும் என்றால் இருபது நாள். அதோடு, 2018-லிருந்து சொக்சோவில் வேலைக் காப்புறுதித் திட்டம் இருக்கிறது. அதற்கு மாதா மாதம் நம் சம்பளத்திலிருந்தும் பிடிக்கிறார்கள். சந்தா ஒழுங்காகக் கட்டியிருந்தால் முதல் மாதம் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, பிறகு 40, 40, 30, 30 என்று ஆறு மாதம் வரை உதவிப்பணம் கிடைக்கும். வேலை போன 60 நாளுக்குள் மனுப் போட வேண்டும். சொந்த விருப்பத்தில் விலகினேன் என்று சாதாரணமாக எழுதிக் கொடுத்தால் இவற்றை இழக்க வேண்டிவரும். ஒரு கையெழுத்தில் இத்தனையும் போகும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சம்பளச் சீட்டைக் கசக்கி எறியாதீர்கள். வேலைக்கு எடுத்த கடிதம், சேமநிதிக் கணக்கு, சொக்சோ காகிதம் எல்லாவற்றையும் ஒரு மைலோ டின்னில் போட்டு அலமாரியில் வையுங்கள். ஓவர்டைம் காசை நம்பித் தவணை எடுக்காதீர்கள். அடிப்படைச் சம்பளத்தில் கட்ட முடியுமா என்று பாருங்கள். ஓவர்டைம் விருந்தாளி மாதிரி. வந்தால் உபசரிப்போம், ஆனால் அவரை நம்பி உலை வைக்க முடியாது.

நேற்று சிநேகிதர் போன் செய்தார். மகள் கையெழுத்துப் போடவில்லையாம். காகிதத்தை வாங்கி வந்திருக்கிறாள். நான் சொன்ன வார்த்தைதான் அதில் இருக்கிறதாம். அவளோடு வேலை செய்யும் நாலு பிள்ளைகளும் போடாமல் வைத்திருக்கிறார்களாம். நாளைக்குச் சங்கத்து ஆளைப் பார்க்கப் போகிறார்கள். வேலை நிற்குமா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் கைக்கு வர வேண்டியதைக் கேட்டு வாங்காமல் அவள் வெளியே வரப் போவதில்லை.

இதைப் படித்தவர்கள், படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் படித்துச் சொல்லுங்கள்.