காயம் தெரியாத அடி

மேட்டூர்ப் பக்கம் கிணறு தோண்டும்போது பாறை குறுக்கிட்டால் தோட்டா வைப்பார்கள். "வெடி... வெடி!" என்று குரல் கேட்டதும் ஆடு மாட்டை ஓட்டிக்கொண்டு எல்லோரும் தள்ளிப் போய்விடுவார்கள். அவ்வளவு தூரம் தள்ளி நின்றாலும் நெஞ்சில் 'திம்'மென்று ஒன்று விழும். காது கேட்பது சத்தம். நெஞ்சில் விழுவது காற்றின் அடி.

பட்டாளத்தில் அப்படித் தள்ளி நிற்க முடியாது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் தயாராகும் 84 மி.மீ. ராக்கெட் லாஞ்சரைத் தோளில் வைத்துத்தான் சுட வேண்டும். தலைக்குப் பக்கத்திலேயே வெடிக்கும்.

இந்த அடியை அளக்க 2011 வாக்கில் அமெரிக்காவில் ஒரு சின்னக் கருவி வந்தது. ஹெல்மெட்டின் பின்புறம், தோள், நெஞ்சு என மூன்று இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். வெடித்ததும் அழுத்தத்தைப் பதிவு செய்து பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு காட்டும். எதிரியின் கண்ணிவெடிக்காகச் செய்த கருவி அது. ஆனால் பயிற்சியில் தங்கள் ஆயுதத்தைச் சுடும்போதே வீரர்கள் கணிசமாக அடி வாங்குவதை அது காட்டிக்கொடுத்துவிட்டது!

2016-ல் அதைப் பரவலாக மாட்டுவதை நிறுத்தினார்கள். கருவி காட்டும் எண்ணை வைத்து 'இவருக்கு மூளையில் அடி' என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பது காரணம். நியாயம்தான். ஆனால் மேட்டூர்க்காரர்களுக்குத் தெரியும், ஒரு நாள் நீர்வரத்தை வைத்து யாரும் அணையைக் கணக்குப் போடுவதில்லை. தினமும் குறித்து வைப்பதால்தான் 120 அடியை நெருங்குவது தெரிகிறது. வெடியின் அடியும் சேர்ந்துகொண்டே போவதுதான். 2024-ல் அமெரிக்க ராணுவத் துறை சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டு அழுத்தத்தை எச்சரிக்கை அளவாக வைத்தது. புதிதாகச் சேருபவர்களுக்கு ஆரம்பத்திலேயே ஞாபகசக்திப் பரிசோதனையும் செய்யச் சொன்னது. பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே!

லீவில் வந்த மகனோ, பென்ஷனில் வந்த கணவரோ தூங்காமல் புரளலாம். தலைவலி, காதில் இரைச்சல், மறதி, தொட்டதற்கெல்லாம் கோபம் என்று இருக்கலாம். "பட்டாளத்துக்குப் போய் ஆளே மாறிட்டான்" என்று வீட்டில் சண்டைதான் வரும். ஸ்கேன் எடுத்தாலும் பல நேரம் ஒன்றும் தெரியாது. எல்லாமே வெடியால் வந்தது என்றும் சொல்லிவிட முடியாது.

ஆனால் டாக்டரிடம் போகும்போது என்ன ஆயுதம், எத்தனை வருஷம், ஒரு நாளைக்கு எத்தனை ரவுண்டு, எப்போதாவது கண் இருட்டியதா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகலாம். பணியில் இருப்பவர் யூனிட் டாக்டரிடமும், ஓய்வு பெற்றவர் இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கிலும் அதைக் கொடுக்கலாம்.