செப்டம்பர் 16

துபாய் பார்த்துவிட்டு வந்து கட்டுரை எழுதுகிறவர்களை எனக்குத் தெரியும். 828 மீட்டர் உயரக் கட்டடத்தில் லிப்டில் ஏறுகிறார்கள், குளிர்சாதனம் வைத்த பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அதிசயிக்கிறார்கள், கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்தே வெயிலைப் பார்த்து, “அடடா, என்ன ஊர்!” என்று எழுதிவிடுகிறார்கள். சென்ற ஆண்டு செப்டம்பரில் நானும் பத்து நாள் அங்கே இருந்தேன். ஊரின் அழகைப் பற்றி எனக்குத் தகராறு இல்லை. அதைக் கட்டுகிறவனின் வெயிலைப் பற்றித்தான் தகராறு.

“செப்டம்பரில் வாருங்கள், வெயில் இறங்கிவிடும்” என்றுதான் உறவினர் அழைத்தார். அதில் பொய்யில்லை. ஆகஸ்டு கடைசி வாரத்தில் விடியற்காலை தெற்கு வானில் ஸுஹைல் என்ற நட்சத்திரம் தென்பட்டால் கோடை இறங்குமுகம் என்பது அரபு மக்களின் பழைய கணக்கு. (நாம் அகத்தியர் என்று சொல்கிறோமே, அதே நட்சத்திரந்தான்.) ஆனால் அகத்தியர் எழுந்த கையோடு குளிர் வந்துவிடுவதில்லை. செப்டம்பர் நடுவிலும் பகலில் 38, 39 டிகிரி இருக்கிறது. வேங்கிக்காலில் சித்திரை வெயிலைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு பிரமாதமா என்று கேட்பீர்கள். வித்தியாசம் காற்றில் இருக்கிறது. கோடை முழுதும் காய்ந்த கடலின் ஈரம் கரையேறி ஊரின்மேல் கவிந்து கிடக்கிறது. கட்டடத்தை விட்டு வெளியே கால் வைத்ததும் மூக்குக் கண்ணாடி வெளுத்துப்போகும். வியர்க்கும், ஆனால் வியர்வை உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விப்பதில்லை. சூடு உள்ளேயே தங்கிவிடுகிறது. நம் ஊரில் புளியமரத்து நிழல் ஒரு மருந்து. அங்கே நிழலும் சேர்ந்து வேகிறது.

இதை அறியாத அரசாங்கமல்ல அது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை, திறந்த வெளியில் நேர்வெயிலில் வேலை வாங்கக் கூடாது. மீறினால் ஆளுக்கு 5,000 திர்ஹாம் அபராதம், மொத்தம் 50,000 வரை. நல்ல சட்டம். நம்மிடம் அதுகூடக் கிடையாது. தமிழ்நாடு அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்து, இறந்தவன் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. இறப்பதற்கு முன்னால் கடப்பாரையைக் கீழே வைக்க அவனுக்கு எந்தச் சட்டமும் உரிமை தரவில்லை.

ஆனால் செப்டம்பர் 16-ஆம் தேதி? அன்று பகல் ஒரு மணிக்குக் காரில் போகும்போது பார்த்தேன்: சாலையோரத்தில் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். முகம் முழுதும் துணி. கண்கள் மட்டும் வெளியே. முந்தின நாள் இதே நேரத்தில் அந்தப் பள்ளத்தில் ஆளில்லை. ஒரே இரவில் சூரியன் திருந்திவிட்டானா, ஐயா?

தேதி வைத்துத்தான் சட்டம் போட முடியும், வெயிலை யார் அளந்துகொண்டிருப்பது என்பவர்கள் பக்கத்துக் கத்தாரைப் பார்க்கட்டும். அங்கேயும் தேதி உண்டு, மணியும் உண்டு. அதற்குமேல், வெயில், ஈரம், காற்று எல்லாவற்றையும் சேர்த்து அளக்கும் குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால், எந்த நாளானாலும் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டுமென்று 2021-ல் விதி செய்தார்கள். கத்தாரில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நான் சாட்சி சொல்லவில்லை. அளக்க முடியும் என்பதில் இனி யாரும் சந்தேகம் கிளப்ப வேண்டாம்.

“விரும்பித்தானே போனான்?” என்பது அடுத்த வாதம். சாய்வு நாற்காலியிலிருந்து வருகிற வாதம். வெளிநாட்டு வேலைக்கு ஏஜெண்டு வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் வரியும் என்பது சட்டம்; உண்மையில் எவ்வளவு கொடுத்தார்கள் என்று எந்தக் கிராமத்துத் திண்ணையிலாவது கேட்டுப் பாருங்கள். நம்மூர்க் கொத்தனார் “இன்னிக்கு வெயில் ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம்; அரைநாள் கூலி போகும். அங்கே விசாவே முதலாளியோடு கட்டுண்டிருக்கிறது, வட்டியோ இங்கே ஏறிக்கொண்டிருக்கிறது.

தேராவில் ஒரு சாயாக் கடையில் போளூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் என்னோடு பேசிக்கொண்டிருந்தான். “தண்ணி வெக்கிறாங்க ஐயா, இல்லேன்னு சொல்லக்கூடாது. குடிச்சா ஒண்ணுக்கு வரும். சாரத்துலேருந்து எறங்கி ஏறணும், போர்மேன் முறைப்பாரு. அதான் கம்மியா குடிக்கிறது” என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். உஷ்ணத்தில் உழைத்துத் தண்ணீரையும் குறைத்தால் சிறுநீரகம் என்ன ஆகும் என்பதற்கு டாக்டர் வேண்டியதில்லை. வளைகுடாவிலிருந்து சிறுநீரகம் கெட்டுத் திரும்பிய நேபாளத்து வாலிபர்களைப் பற்றி வைத்தியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

பத்தாவது தேறாதவன் அந்த நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது நம் சர்க்கார் கட்டாயமாக ஒரு காப்பீடு எடுக்க வைக்கிறது. பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்று பெயர். விபத்தில் இறந்தால் 10 லட்சம். வெயிலில் சுருண்டு விழுந்தவனுக்கு வருகிற சான்றிதழில் பல சமயம் “இருதயம் நின்றது”, “இயற்கை மரணம்” என்றிருக்கும். இருபத்தெட்டு வயதில் இயற்கை! விபத்து இல்லையாம், ஆகவே பணமும் இல்லை.

வேங்கிக்காலில் இருக்கிற எங்கள் ஜில்லாக் கலெக்டர் ஆபீசுக்குத் திங்கட்கிழமை மனு நாளில் போய் நின்று பாருங்கள். பட்டா, முதியோர் பென்ஷன் மனுக்களுக்கு நடுவே, வெளிநாட்டில் இறந்த மகனின் உடலை வரவழைத்துத் தரும்படி ஒரு தாயின் மனுவும் வருவதுண்டு. அந்த மனுவைச் சுலபமாக டில்லிக்கு அனுப்பிவிடலாம். டில்லி 2022-ல் அந்த நாட்டோடு வர்த்தக ஒப்பந்தம் செய்தது. தங்கத்துக்கு எத்தனை சதவீதம் வரிச் சலுகை என்பது வரை உட்கார்ந்து பேசியது. வேலையை நிறுத்த வேண்டியது எந்த டிகிரியில் என்பதையும் அதே மேஜையில் பேசட்டும். வெயிலில் விழுந்து இறந்தால் அது விபத்துத்தான் என்று காப்பீட்டு விதியில் ஒரு வரி சேர்ப்பதற்கு எந்த அரபு தேசத்தின் சம்மதமும் வேண்டியதில்லை. அதை இந்தப் புரட்டாசிக்குள்ளேயே செய்யலாம்.