மூணு பேஸ் மோகம்

போன ஞாயித்துக்கிழமை எங்க ஐயப்பன்தாங்கல் அபார்ட்மென்ட் மொட்டைமாடியில கூட்டம். ஒரே தீர்மானம்தான். எல்லா வீட்டுக்கும் சிங்கிள் பேஸை எடுத்துட்டு மூணு பேஸ் கனெக்‌ஷன். ஏன்னு கேட்டா காரணமும் மூணு: கீசர் சீக்கிரம் சுடும், ஏசி நல்லா ஓடும், கரன்ட் பில் குறையும். பி.காம் படிக்கிற பயலுக்கு இதுல என்ன தெரியும்னு சொல்லிடுவாங்களேன்னு அங்க வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். இங்க முடியல மக்களே :-)

மூணு பேஸ்னா 400 வோல்ட், தண்ணி தளதளன்னு கொதிக்கும்னு ஒரு மாமா அடிச்சுச் சொன்னார். மாமா, அந்த 400 ஒரு பேஸுக்கும் இன்னொரு பேஸுக்கும் நடுவுல இருக்கறது. உங்க கீசர் பிளக்குக்கு வர்றது ஒரு பேஸும் ஒரு நியூட்ரலும். அங்க அதே பழைய 230 தான். 15 லிட்டர் தண்ணியை 25 டிகிரி ஏத்தணும்னா அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் கம்மியா கரன்ட் வேணும். நேத்தும் அவ்வளவுதான், நாளைக்கும் அவ்வளவுதான். பில் யூனிட்டுக்கு, கம்பி எண்ணிக்கைக்கு இல்ல.

ஏசி விஷயத்துல பாதி நியாயம் இருக்கு. ரெண்டு ஏசி, கீசர், மோட்டார் எல்லாம் ஒரே பேஸ்ல தொங்கறதை விட பிரிச்சுப் போடறது நல்லது, ஒயர் சூடாகாது. ஆனா மே மாசம் ராத்திரி தெருமுனை டிரான்ஸ்பார்மரே திணறினா உங்க புது மீட்டர் என்ன பண்ணும்? உடனே பேஸ் மாத்தற சுவிட்சைக் காட்டுவாங்க. தெருவே எழுந்து நல்லா இருக்கற பேஸுக்குத் திருப்பினா அஞ்சு நிமிஷத்துல அதுவும் படுத்துரும்.

சரி, என் கோவம் இதுல இல்ல. எஸ்டிமேட்டை வாங்கிப் பார்த்தேன். மீட்டர் போர்டு, கேபிள், மெயின் சுவிட்ச், எம்சிபி எல்லாம் இருக்கு. எர்த் இல்ல, ஆர்சிசிபி இல்ல. எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட கேட்டா, "எர்த் பழசே இருக்கு தம்பி. அந்த ட்ரிப்பர் வேணாம், சும்மா சும்மா விழும்"ங்கறார்.

சும்மா விழாதுண்ணே. எங்கயோ கசியறதாலதான் விழுது.

எங்க வீட்டு கீசர் ரொம்பப் பழசு. போன மழைக்காலத்துல பைப்பைத் தொட்டா விரல் நுனியில சுருக்குனுச்சு. எங்க வீடு கண்டுபிடிச்ச தீர்வு, ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டுக் குளிக்கறது! உங்க வீட்லயும் இந்த மாதிரி ஒரு வைத்தியம் நடந்துகிட்டுதான் இருக்கும்.

எம்சிபி இருக்கே, அது காப்பாத்தாதான்னா, காப்பாத்தும், ஒயரை. 16 ஆம்பியர் தாண்டினாதான் அது யோசிக்கவே ஆரம்பிக்கும். ஈர உடம்பு வழியா கால் ஆம்பியர் போனாலே ஆள் காலி, எம்சிபிக்கு அது தெரியக்கூட தெரியாது. ஆர்சிசிபி, போற கரன்ட்டும் திரும்பி வர்ற கரன்ட்டும் சமமான்னு கணக்குப் பாக்கும். (நம்ம டிரயல் பேலன்ஸ் மாதிரியேதான், தேர்வுல மட்டும்தான் டேலி ஆகாது.) 30 மில்லிஆம்பியர் உதைச்சாலே கண் சிமிட்டற நேரத்துல கட் பண்ணிடும்.

நியூஜெர்சியில இருக்கற பெரியப்பா பையன், வீட்டுக்குப் பின்னாடி இருக்கற ஹாட் டப்பை 120 வோல்ட்லேர்ந்து 240க்கு மாத்தினான். தண்ணி சீக்கிரம் சுடணுமாம், அதே ஆசை. ஆனா அங்க ஹாட் டப்னாலே ஜிஎஃப்சிஐ கட்டாயம், அவங்க மின் விதியிலயே இருக்கு. நம்ம ஆர்சிசிபிக்கு அண்ணன் அது, 5 மில்லிஆம்பியர் வாக்கில கட் ஆகும். பெர்க்லி பேராசிரியர் சார்லஸ் டால்சீல் 1961லயே உருவாக்கினது. இத்தனைக்கும் அந்த 240ங்கறது ரெண்டு 120 சேர்ந்தது, எந்தக் கம்பிக்கும் பூமிக்கும் நடுவுல 120தான். நமக்கு ஒத்தக் கம்பியிலயே பூமிக்கு 230. அவங்களை விடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு அடி வாங்கற நாம செருப்பை நம்பிக் குளிக்கறோம்!

மூணு பேஸுக்குப் போனா இன்னொரு வில்லங்கமும் சேரும். பொது நியூட்ரல் எங்கயாவது கழண்டா, பேஸ்களுக்கு நடுவுல இருக்கற 400ஐ உங்க டிவியும் ஃபிரிட்ஜும் பங்கு போட்டுக்கும். சமமா இல்ல, எது மாட்டுதோ அதுக்கு. எங்க மீட்டர் ரூம்ல நியூட்ரல் ஜாயின்ட்டைப் பார்த்தேன், கறுப்பு டேப் சுத்தி வச்சிருக்காங்க.

5 கிலோவாட்டுக்கு மேல போனா எர்த் லீக்கேஜ் பாதுகாப்பு வேணும்னு மத்திய மின்சார ஆணையம் 2010 விதிகள்லயே சொல்லிருச்சு. யாரும் படிக்கல. அதே கூட்டத்துல வாசல் ஆர்ச்சுக்கு எல்இடி லைட் ரெண்டே நிமிஷத்துல பாஸ். வீட்டுக்கு ஒரு ஆர்சிசிபின்னா குடும்பத்தோட ஒருதடவை பிரியாணி சாப்பிட்டுட்டு வர்ற செலவு, அதுக்கு மட்டும் "அடுத்த வருஷம் பாக்கலாம்".

வர்ற ஞாயித்துக்கிழமை மறுபடி கூட்டம். புது எர்த் குழி, வீட்டுக்கு வீடு ஆர்சிசிபி, நியூட்ரல் ஜாயின்ட் இது மூணும் எழுதாத எஸ்டிமேட்ல எங்க வீட்டுக் கையெழுத்து விழாது. அப்பாகிட்ட பேசியாச்சு.